கல்வட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் பக்கம் போனால் ஏரி, கரடு, மறுபடி ஏரி என்று நிலம் மாறி மாறி வரும். அந்தக் கரடுகளின் அடிவாரத்தில், காரைமுள்ளுக்கும் ஆவாரைக்கும் நடுவில், பெரிய உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்து உள்ளே சின்னக் கற்களைக் குவித்த இடங்கள் இருக்கின்றன. பேருந்தில் போகிறவருக்கு அது கல்லுக்காடு. உண்மையில் அது பழைய இடுகாடு. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களின் எலும்புகளை மண்ணுக்குள் வைத்து, மேலே கல் குவித்து அடையாளம் செய்த இடம்.

முதல்முறை போகிறவர்கள் அங்கே போய் நின்றதும் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். கோயில் என்றால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று நமக்குப் பழக்கம் உண்டு. கற்குவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் நடந்தது செங்கல்பட்டு வட்டாரம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கொங்குப் பக்கமோ கிருஷ்ணகிரிப் பக்கமோ போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் பெயர்களைப் பிடியுங்கள்

வட்டமாகப் பதித்த கல்வரிசை கல்வட்டம். அதற்குள் குவிந்திருக்கும் கற்கள் கற்குவை. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மண்ணுக்குள் பலகைக் கற்களால் பெட்டி போலக் கட்டியது கற்பதுக்கை. அதே பெட்டி தரைக்கு மேலே நின்றால் கற்திட்டை. ஒற்றைக் கல்லாக நட்டு நிறுத்தியது நெடுங்கல், ஊர்ப்பேச்சில் குத்துக்கல். சுட்ட மண்ணால் செய்த, கால் வைத்த தொட்டி ஈமப்பேழை. பெரிய பானைக்குள் வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி.

'பதுக்கை' தொல்லியலார் புதிதாகக் கண்டுபிடித்த சொல் இல்லை. புறநானூற்றிலேயே வருகிறது, வழிப்பறியில் அம்பு பட்டு வீழ்ந்தவர்கள்மேல் குவித்த கற்குவியலாக. மணிமேகலையோ 'சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர்' என்று இறந்தவர்களை அடக்கும் ஐந்து முறைகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது. களத்துக்குப் போகும் முன் இந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே கிடக்கும் கல் வேறு மாதிரித் தெரியும்.

இனி அமைப்பு. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போவது மேல்தோலை மட்டுமே. ஆட்கள் முதலில் குழி வெட்டினார்கள். அடியில் ஒரு பலகைக்கல் போட்டு, நாலு பக்கமும் நாலு பலகைக் கற்களை நிறுத்தினார்கள். நிறுத்தியதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம் போலத் தெரியும். வெளியே இருந்து மண் தள்ளத் தள்ள, ஒரு பலகை இன்னொன்றுக்கு முட்டுக் கொடுத்து இறுகும். சாந்து கிடையாது. இத்தனை நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் பல பெட்டிகள் அப்படியே நிற்கின்றன.

ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமான துளை இருக்கும். அதை இடுதுளை என்கிறோம். உள்ளே எலும்புகள், கருப்பு-சிவப்புப் பானைகள், பானையை உட்கார வைக்கும் புரிமணைகள், இரும்புக் கருவிகள், சில நேரம் மணிகள். பல இடங்களில் முழு உடலைப் புதைக்கவில்லை. வேறெங்கோ வைத்திருந்து, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். இதன்மேல் மூடுகல், மூடுகல்லின் மேல் மண்ணும் சில்லுக் கற்களும், அதைச் சுற்றி வட்டக் கற்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் பலகைப் பெட்டிக்குப் பதிலாகவோ பெட்டிக்குள்ளேயோ ஈமப்பேழை கிடைப்பதும் உண்டு.

காலம் கேட்பீர்கள். பொதுவாக இவற்றைப் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்று சொல்வது வழக்கம். இப்போது அந்தக் கணக்கு பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் கல்வட்டத்துக்குள் இருந்த ஈமப்பேழைக்குப் பொ.ஆ.மு. 1692 என்ற காலக்கணிப்பைத் தமிழ்நாடு அரசு 2025-இல் வெளியிட்டது.

எந்த ஊர், எந்த மாதம்

முதல் பயணத்துக்குப் பாதுகாக்கப்பட்ட இடமாகத் தேர்ந்தெடுங்கள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் சானூர், திருப்போரூருக்குப் பக்கத்தில் சிறுதாவூர். சானூரில் இந்தியத் தொல்லியல் துறை 1950-லும் 1952-லும் அகழாய்வு செய்தது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குன்னத்தூரிலும் 1950-களில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பழைய பட்டியல்களில் இந்த ஊர்களைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கீழ்த் தேடுங்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-இல்தான். அதற்கும் முந்தைய ஆவணம் என்றால் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம் என்றே இருக்கும்.

மேற்கே போகிறவர்களுக்குக் கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே ஒரே ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. வாழ்விடம் ஒருபக்கம், இடுகாடு ஒருபக்கம் என இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம் என்பதால் புதியவர்களுக்கு மிக நல்ல இடம்.

தை கடைசியிலிருந்து மாசி முடிய சரியான காலம். புல் காய்ந்து படுத்திருக்கும், கல் முழுக்கத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு புல்லுக்குள் எதுவும் தெரியாது, பாம்பும் தெரியாது. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்தக் கல்காட்டில் நிற்க முடியாது.

நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். சூரியன் சாய்ந்திருக்கும்போது தரையின் சின்ன மேடுகூட நிழல் விழுத்தும். நடுப்பகலில் தட்டையாகத் தெரிந்த நிலத்தில், மாலையில் ஏழெட்டு மேடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன்.

ஊருக்குள் கேட்கும் முறை

டீக்கடையில் போய் "இங்கே பெருங்கற்காலச் சின்னம் எங்கே இருக்கு?" என்று கேட்டால் பதில் வராது. "வட்டமா கல்லு பொதைச்ச காடு எது?" என்று கேளுங்கள். "பாண்டவர் குழி", "குள்ளர் வீடு", "மோரியர் வீடு" என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கியது என்பார்கள். முழம் உயரமே இருந்த குள்ளர்கள் மழைக்குப் பயந்து கட்டிய வீடு என்பார்கள். இந்தப் பேச்சு இன்று நேற்றையது இல்லை. பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823-இல் மலபார்ப் பக்கத்துக் கல்லறைகளைப் பற்றி எழுதியபோதே 'பாண்டு குழி' என்ற பெயரைத்தான் தலைப்பில் வைத்தார். கதையை மறுக்காதீர்கள், திருத்தாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பல இடங்கள் இதுவரை தப்பியிருப்பதே அந்தக் கதை கொடுத்த பயத்தால்தான்.

ஒருமுறை வட்டக் கல் ஒன்றில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். "ஏம்பா, அதுமேல குந்தாத. அது செத்தவங்க எடம்." அந்த ஊரில் அதுவரை நான் கேட்டவர்கள் எல்லாரும் பாண்டவர் குழி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஆயாவுக்கு உண்மையான விஷயம் தெரிந்திருந்தது. எழுந்துகொண்டேன். பிறகு அவர்தான், மேற்கே புதருக்குள் மறைந்திருந்த இன்னும் மூன்று வட்டங்களைக் காட்டினார். ஆடு மேய்ப்பவர்களைவிட நல்ல வழிகாட்டி இந்த வேலைக்குக் கிடையாது.

பட்டா நிலமாக இருந்தால் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். நீங்கள் நிலம் அளக்க வந்தவர், புதையல் தேட வந்தவர் என்ற சந்தேகம்தான் முதலில் எழும். நோட்டைத் திறந்து காட்டுங்கள், கடப்பாரை மண்வெட்டி எதுவும் கொண்டுவரவில்லை என்பது தெரியட்டும். கணுக்கால் மூடிய காலணி போடுங்கள். கற்குவை இடுக்குகளில் விரியனும் தேளும் தங்கும். தெரியாத இடுக்கில் கை விடவே கூடாது.

கல் குவியல் எல்லாம் கற்குவையா?

இல்லை. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். உழவுக்கு இடைஞ்சலான கற்களைப் பொறுக்கி வரப்போரம் கொட்டிவைப்பது நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. அந்தக் குவியலில் கற்கள் தரைமேல் தளர்வாகக் கிடக்கும், எல்லா அளவும் கலந்திருக்கும், சுற்றி வட்டம் இருக்காது, வயல் ஓரத்திலோ மரத்தடியிலோதான் இருக்கும்.

பழைய கற்குவை வேறு மாதிரி. வட்டக் கற்கள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும். காலால் லேசாக முட்டிப் பார்க்கத் தோன்றும், முட்டாதீர்கள், பார்த்தாலே தெரியும்: கல்லும் மண்ணும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்காது. கல்லின் வெயில் படும் முகத்தில் வெள்ளை, சாம்பல், ஆரஞ்சு நிறத்தில் பாசிப்படலம் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். நடுப்பகுதி சுற்றுத் தரையைவிட ஓரிரு அடி உயர்ந்திருக்கும். அல்லது, யாராவது தோண்டியிருந்தால், கிண்ணம் போலக் குழிந்திருக்கும். சில இடங்களில் உள்ளே இருக்கும் பலகைக் கல்லின் மேல் விளிம்பு மட்டும் நேர்கோடாக மண்ணிலிருந்து எட்டிப்பார்க்கும். இயற்கைப் பாறை அப்படி நேராக நிற்காது. சில வட்டங்களுக்கு வெளியே இன்னொரு வட்டமும் உண்டு. ஆகவே ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாமல் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள்.

இடத்தையும் கவனியுங்கள். அந்த மக்கள் நஞ்சையில் சமாதி கட்டவில்லை. உழ முடியாத சரளை மேடு, கரட்டின் சரிவு, பக்கத்தில் ஏரியோ ஓடையோ. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் இன்னும் பத்து இருக்கும் என்று தேடத் தொடங்கலாம்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். கற்குவையின் மதிப்பு கல்லில் இல்லை, கல் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு கருங்கல் உருண்டையைத் தூக்கி அருங்காட்சியகத்தில் வைத்தால் அது வெறும் கல். அதே கல் வட்டத்தில் எத்தனையாவதாக, எந்தத் திசையில், இடுதுளைக்கு எதிரில் இருந்ததா பக்கவாட்டில் இருந்ததா என்பதுதான் செய்தி. பானை ஓடும் அப்படித்தான். பாதி மண்ணில் கிடக்கும் ஒரு கருப்பு-சிவப்பு ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உங்கள் அலமாரியில் ஓர் ஓடு கூடும், அந்த இடத்தின் வரலாற்றில் ஒரு வரி அழியும்.

எனவே எடுக்காதீர்கள். இடம் மாற்றாதீர்கள். சரிந்து கிடக்கும் கல்லை நல்ல எண்ணத்தில் தூக்கி நிறுத்துவதும் கெடுதல்தான். மலையேறுகிறவர்கள் வழி அடையாளத்துக்குக் கல்லின்மேல் கல் அடுக்குவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர் அடுக்குகிறார்கள். பத்து வருடம் கழித்து வரும் ஆய்வாளருக்கு எது பழையது, எது நீங்கள் வைத்தது என்று எப்படித் தெரியும்? சுண்ணாம்பு, பெயிண்ட், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அந்தப் பாசிப்படலம் வளர நூறாண்டுகள் ஆகியிருக்கலாம். ஊர்க்காரர்கள் மஞ்சள் குங்குமம் வைத்து வணங்கும் கல்லாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

குறிப்பெடுப்பது

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், பதினைந்து மீட்டர் டேப், 30 செ.மீ. ஸ்கேல், கைப்பேசி.

வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து கற்களை எண்ணுங்கள். பிறகு எதிர்த்திசையில் நடந்து மறுபடி எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக வரும் வரை எண்ணுங்கள், முதல் நாளில் வராது. குறுக்களவை வடக்கு தெற்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை எடுங்கள். உண்மையான வட்டமாக இருப்பது குறைவு. நடுக் குவியலின் உயரம், வெளியே தெரியும் பலகை விளிம்பின் நீளம், அது எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது நாலு திசையிலிருந்தும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றிலும் ஸ்கேல் தெரியட்டும், கல்லின்மேல் சாய்க்காமல் பக்கத்துத் தரையில் வையுங்கள். ஐந்தாவதாக, பின்னால் கரடோ ஏரிக்கரையோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். பல வருடம் கழித்து இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது அந்த ஐந்தாவது படம்தான். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து நோட்டில் கையால் எழுதுங்கள், போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும். ஊர்ப்பெயர், அந்த இடத்துக்கு ஊரார் சொல்லும் பெயர், தெரிந்தால் புல எண் (சர்வே நம்பர்). சேதம் இருந்தால் என்ன சேதம், பழையதா புதியதா. புதிதாகப் பெயர்த்த குழியில் மண் சிவப்பாக, ஈரமாக, புல் இல்லாமல் இருக்கும்.

துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பாதுகாப்பில்லாத ஒரு கல்வட்டத்தின் இருப்பிடம் வெளியானால் முதலில் வருவது ஆய்வாளர் இல்லை, புதையல் வேட்டைக்காரர். உள்ளே இருப்பது பெரும்பாலும் உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும் எலும்பும் என்பதை அவர் தோண்டி முடித்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.

சட்டம், சுருக்கமாக

நீலப் பலகை இருந்தால் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது என்று பொருள். அங்கே பழங்காலச் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் செல்லும். 2010-இல் திருத்திய பிறகு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மாநில அரசு பாதுகாக்கும் இடங்களுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். பலகையே இல்லாத இடத்திலும் மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும்.

நிலத்துக்காரர்களோடு பேசும்போது இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாதீர்கள். நிலம் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தால்தான் இரவோடு இரவாக ஜேசிபி வந்து வட்டத்தை நிரவுகிறது.

பலகை இல்லாத இடம் கண்ணில் பட்டால்

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புல எண்ணும், அது புறம்போக்கா பட்டாவா என்பதும் அவரிடம்தான் இருக்கும். பிறகு படங்களோடு ஒரு பக்கக் கடிதம்: ஒன்று எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். எத்தனை வட்டம், என்ன அளவு, எந்தப் புல எண், என்ன ஆபத்து (குவாரி, மனைப்பிரிவு, மண் எடுப்பு), அவ்வளவுதான்.

இன்னொரு வழி கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். "நம் ஊர்ப் பாண்டவர் குழியில் கல் எடுக்கக் கூடாது" என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், சட்டப் பலகை வரும் வரை அதுவே காவல். தீர்மானத்தை வெளியூர்க்காரர் கொண்டுவர முடியாது, வாக்காளராக இருக்கும் ஊர்க்காரர்தான் எழுந்து பேச வேண்டும். அதனால் நோட்டோடு போவதைவிட முக்கியம், ஊரில் ஒருவரோடு நட்பு வைப்பது. பள்ளி ஆசிரியர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, அடுத்த வருடம் அதே மாதம் மறுபடி போங்கள். அதே நாலு திசையில் நின்று அதே படங்களை எடுத்து, பழையதோடு வைத்துப் பாருங்கள். நான் வருடாவருடம் போகும் ஒரு வட்டத்தில் முதலில் எண்ணியபோது இருபத்துமூன்று கற்கள். மூன்றாம் வருடம் பத்தொன்பது. பக்கத்து நிலத்துக் கம்பிவேலிக்கு மூலைக்கல்லாக நாலும் போயிருந்தன, அந்த ஆரஞ்சுப் பாசி இன்னும் ஒருபக்கம் ஒட்டியிருந்தது. அந்த வேலிக்காரரிடம் பழைய படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது கல்லறைன்னு யாரும் சொல்லலியே தம்பி" என்றார். கல்லைத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எந்தக் கல் எங்கே இருந்தது என்று நமக்கு இனி நிச்சயமாகத் தெரியாது, மீதியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போன மாசியில் எண்ணினேன். பத்தொன்பது.